ரஜப் பிறை பத்து

அத்தியாயம் ஏழு

கைலியும் மலையேறும் பூட்ஸும் போட்டுக்கொண்டு நெய்னா முகம்மது மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஆறு, மார்ச் முப்பது, வியாழக்கிழமை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மாலை ஏழு மணிக்கே இருட்டிவிட்டது. புதுத் தோல் காலைக் கடிக்கும், தினம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போட்டுப் பழக்குங்கள் என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். நெய்னா சொன்ன சொல்லை அப்படியே கேட்கிற மனிதர். பச்சைக் கட்டம் போட்ட கைலி, அதற்குக் கீழே கணுக்காலை மூடிய பழுப்பு பூட்ஸ். பதினான்கு படி ஏறுவார், பதினான்கு படி இறங்குவார்.

ஒன்பது வயது மகள் ஃபைஹா சோபாவில் உருண்டு சிரித்தாள். "வாப்பா, யூ லுக் ஸோ ரிடிக்குலஸ்!"

"மொன்டானா கரடியும் இப்படிச் சிரிச்சா போதும்மா. அது சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நாம தப்பிச்சுடலாம்."

"கார்பெட்டு நாசமாப் போகுது" என்றாள் மனைவி சாலிஹா அடுக்களையிலிருந்து. "கரடி வர்றதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."

அவர் மாடிக்கு ஏறிப் போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். யாரோடோ பத்து நிமிடம் போனில் பேசினார். நடுவில் ஒருமுறை உரக்கச் சிரித்தது கீழே கேட்டது. ஆபீஸ் ஆட்களாக இருக்கும் என்று சாலிஹா நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் கீழக்கரையிலிருந்து அவளுடைய உம்மாவின் போன் அவள் கைப்பேசியில் வந்தது. அங்கே பொழுது விடிந்துகொண்டிருந்தது. நேற்றுப் பொழுது சாய்ந்து மஃரிபுக்கு ரபீவுல் அவ்வல் பிறை தெரிந்துவிட்டது, பள்ளிவாசலில் நபி புகழ் பாடும் மவுலிது ஓதத் தொடங்கியாயிற்று என்றாள் உம்மா.

நெய்னா இறங்கி வந்து, கயிற்றை அவிழ்க்காமல், ஒரு கால் நுனியால் மறு காலின் குதியை அமுக்கி பூட்ஸைக் கழற்றினார்.

"முடிச்சை அவுத்துட்டுக் கழட்டுனா குறைஞ்சா போயிடுவீங்க?"

"நாளைக்கு மறுபடி போடத்தானே போறேன்" என்றார். "கொஞ்சம் தேத்தண்ணி இருக்குமா?"

அதுதான் கடைசி. மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டவர், ஆபீஸின் இரண்டாம் மாடிப் படியில், கையில் கார்ச் சாவியோடு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது.

அதன் பிறகு நடந்ததைப் போன வாரங்களில் பார்த்தோம். நெய்னாவை ஜெர்சி மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். சாலிஹா வெள்ளை உடுத்தி, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. விசா அவருடைய வேலைக்கு வந்த விசா. கிரீன் கார்டு வரிசையில் நின்றதும் அவர்தான். அவர் போனதும் வரிசையும் போயிற்று. கம்பெனி வக்கீல் ஓடியாடி ஆகஸ்ட் கடைசிவரை தங்க அனுமதி வாங்கித் தந்தார். ஆகஸ்ட் இருபத்தெட்டுக்கு ஊருக்கு டிக்கெட். அமெரிக்காவில் பிறந்த ஃபைஹாவுக்கும் சேர்த்து, ஒரு வழி டிக்கெட்.

நெய்னா பதிவு செய்து வைத்திருந்த மொன்டானா மலைப் பயணம் மட்டும் அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

*

ஜூன் இருபத்துநான்கு, சனிக்கிழமை காலை. நெய்னாவின் தம்பி ஹஸ்னைன், மனைவி ஆசிபா இல்லாமல் தனியாக, சான் ஹோசேயிலிருந்து இரவு ஃப்ளைட்டில் வந்து இறங்கினார். வீட்டைக் காலி செய்ய உதவ வந்தவர்.

வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் சாலிஹாவுக்குக் கேட்டது. ஹாலை ஒட்டிய கீழறையில், ஒரு சாண் திறந்த கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். இடைவெளி வழியாகப் பார்த்தால் சோபாவின் ஒரு பாதியும் செருப்பு வைக்கும் இடமும் தெரியும்.

பூட்ஸ் அங்கேதான் இருந்தது. மார்ச் முப்பது அன்று கழற்றிய இடத்தில், போட்ட முடிச்சோடு.

"அஸ்ஸலாமு அலைக்கும், மச்சி" என்றார் அண்ணன் மனைவியிடம்.

"வஅலைக்கும் ஸலாம். வாங்க தம்பி. ஆசிபா வரலையா?"

"அவளுக்கு லீவு இல்ல." ஹஸ்னைன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சி, வந்ததும் வராததுமா சொல்றேன்னு நினைக்காதீங்க. இந்த மொன்டானா விஷயம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அவங்களுக்குச் சொல்லணுமாமே. ஆதிஃப் ஈமெயில் போட்டிருந்தான்."

சாலிஹாவுக்கு அது தெரியும். மார்ச் தொடக்கத்தில் விடுதியிலிருந்து வந்த கடிதம் மடியில்தான் இருந்தது. கிளேஷியர் நேஷனல் பார்க்கின் ஓரத்தில், பன்னிரண்டே பன்னிரண்டு கேபின்கள் உள்ள சின்ன விடுதி. வயதான ஓர் அம்மாள் நடத்துகிறாள். பதிவு செய்தவர் போனில் கூப்பிட்டு வருகிறோம் என்று உறுதி சொல்ல வேண்டும். ஜெர்சி நேரப்படி இன்று ஐந்து மணிக்குள் சொல்லாவிட்டால், காத்திருக்கும் வேறு குடும்பத்துக்கு இடம் போய்விடும்.

"கேன்சல் பண்ணிடலாம், மச்சி. நான் பேசுறேன், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஆகஸ்ட் ஆறாம் தேதி ஃப்ளைட். உங்க இத்தா முடியறது ஆகஸ்ட் பத்து. கணக்கே ஒத்து வரல."

ஆகஸ்ட் பத்து என்று அவர் சொன்ன விதம், அலுவலகத்தில் கெடு சொல்கிற மாதிரி இருந்தது. ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

"மச்சி?"

"ஃபைஹா, சாச்சாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போய்க் கொடு" என்றாள்.

*

மகன் ஆதிஃப் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மணி பதினொன்று. பதினேழு வயது. மூன்று மாதத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தான். கையில் வாப்பாவின் நீல ஃபைல். அதில் சாலை வரைபடம், கார் வாடகை, தொழுகை நேரப் பட்டியல், எந்த ஊரில் ஹலால் இறைச்சி கிடைக்காது என்கிற குறிப்பு எல்லாம் துளை போட்டுக் கோத்திருந்தன.

"சாச்சா, வீ ஆர் கோயிங்" என்றான் எடுத்த எடுப்பிலேயே.

"யாரு கோயிங்? உம்மா வெளிய வர முடியாது. நீ மைனர். உன் தங்கச்சிக்கு ஒன்பது வயசு. கரடியா உங்களைக் கூட்டிட்டுப் போகும்?"

"நீங்க கூட வாங்க."

"நானா? மவுத்தான வீட்டுல டூரு போறதுக்கு நான் கைடா? ஊருக்குத் தெரிஞ்சா காறித் துப்புவாங்கடா."

"ஊர்ல யாரு வாப்பாவோட பிளான பார்த்தாங்க? அங்க இருக்குற கிளேஷியர் எல்லாம் இன்னும் இருபது வருஷத்துல உருகிடுமாம், அதுக்குள்ள புள்ளைங்களுக்குக் காட்டிடணும்னு வாப்பா சொன்னாங்க. நாங்க ஆகஸ்ட் இருபத்தெட்டுக்குப் போயிட்டா திரும்பி வர விசா யாரு தருவா? நீங்க தருவீங்களா?"

"குரலைத் தாழ்த்திப் பேசு. உம்மா இத்தாவுல இருக்காங்க."

"உம்மாவுக்குக் காது கேக்கும் சாச்சா. கதவுதான் மறைச்சிருக்கு."

"ஆதிஃப்!" என்றாள் சாலிஹா உள்ளேயிருந்து.

அவன் அடங்கவில்லை. பல நாளாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. "ரெண்டு வருஷமா வாப்பாவுக்கு ஒரு போன் பண்ணல. ஈதுக்குக்கூடப் பண்ணல. இப்ப வந்து எல்லாத்தையும் கேன்சல் பண்றீங்க."

ஹஸ்னைன் சோபாவில் உட்கார்ந்தார்.

ஆதிஃப் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் நெய்னாவின் வாப்பா கீழக்கரையில் மவுத்தானபோது ஹஸ்னைன் அடுத்த விமானத்தில் போய்விட்டார். நெய்னாவால் போக முடியவில்லை. கிரீன் கார்டுக் காகிதம் பாதியில் நின்ற நேரம். வெளியே போனால் திரும்ப முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் ஊரிலிருந்து ஹஸ்னைன் கூப்பிட்டு, "ஒரு அட்டைக்காக வாப்பா முகத்தைப் பார்க்க வராத ஆளு நீ" என்றார். நெய்னா பதில் பேசாமல் போனை வைத்தார். அதன் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. அந்த அட்டையும் கடைசிவரை வரவில்லை.

ஆகவேதான் இவர் துக்கத்தை இவ்வளவு ஒழுங்காக நடத்தப் பார்க்கிறார் என்று சாலிஹாவுக்குத் தோன்றியது. அண்ணனுக்குச் செய்யத் தவறியதை அண்ணனின் மவுத்துக்காவது குறைவில்லாமல் செய்துவிட வேண்டும். அது புரிந்ததால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

*

நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னால் பக்கத்து வீட்டு வசந்தாமணி வந்தாள். சனிக்கிழமைதோறும் இந்தியக் கடைகள் இருக்கும் ஐசலினுக்குப் போய்த் தன் வீட்டுக் காய்கறியோடு சாலிஹாவுக்கும் சேர்த்து வாங்கி வருவாள். கோயம்புத்தூர்க்காரி, வாசலில் நின்றபடியே பாதி ஊர்க்கதை பேசிவிடுவாள்.

"தம்பி, நீங்கதான் கலிஃபோர்னியாங்களா? அப்படியே அண்ணன் ஜாடைங்க. பைய வாங்கிக்கங்க. முருங்கைக்காய் ஒடையாமப் பாருங்க."

ஹஸ்னைன் வாங்கிக்கொண்டார்.

"ஐயோ, இந்த பூட்ஸு இன்னும் இங்கயேதான் இருக்குதுங்களா?" வசந்தாமணி குனிந்து பார்த்தாள். "மார்ச் மாசத்துல ஒரு நாள் காலைல, குப்பைத் தொட்டிய ரோட்டுக்குத் தள்ளிட்டு வர்றாருங்க. மேல ஜாக்கெட்டு, கீழ கைலி, காலுல இந்த பூட்ஸு. எங்க வீட்டுக்காரர் காபியத் துப்பிட்டாருங்க. என்னங்ணா இது கோலம்னு கேட்டா, பழக்கிட்டு இருக்கேன் மேடம், மலைக்குப் போகணுமில்லங்கறாரு."

ஹஸ்னைனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை உடனே வாய்க்குள் கடித்துக்கொண்டார். "கைலிலயா ரோட்டுக்குப் போனாங்க?"

"ஆமாங்க. கேட்டா, கைலி என்ன கிரைமாங்கறாரு."

வசந்தாமணி உள்ளே வந்து சாலிஹாவின் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகும் ஹஸ்னைன் முருங்கைக்காய்ப் பையோடு பூட்ஸைப் பார்த்தபடி நின்றிருந்தது இடைவெளி வழியே தெரிந்தது. இரண்டு வருடமாக அண்ணன் எப்படி இருந்தார் என்பதை அவருக்கு அடுத்த வீட்டுக்காரி சொல்ல வேண்டியிருந்தது.

*

மூன்று மணிக்கு ஃபைஹா அறைக்குள் வந்து கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்தாள்.

"உம்மா, ஆர் வீ கோயிங் ஆர் நாட்? ஜஸ்ட் டெல் மீ."

"உனக்குப் போகணுமா?"

"ஐ டோன்ட் நோ." தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாம போகலன்னா வாப்பாவோட கேபின்ல வேற யாரோ இருப்பாங்கல்ல? தட்ஸ் வியர்ட்."

தமிழில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

சாலிஹா எழுந்தாள். ஊரிலிருந்து உம்மா வருடா வருடம் அனுப்பும் தினசரிக் காலண்டர் சுவரில் தொங்கியது. ஒவ்வொரு தாளிலும் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, மூலையில் சின்ன எழுத்தில் பிறை. காலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்தது எதுவென்று அப்போது அவளுக்குப் பிடிபட்டது.

அவள் மூலையில் இருந்த எழுத்தை மட்டும் பார்த்துத் தாள்களைப் புரட்டினாள். நெய்னா மவுத்தானது ரபீவுல் அவ்வல் பிறை ஒன்று. அதில் சந்தேகமே இல்லை. முந்தின நாள்தான் உம்மா மவுலிது தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். அந்த மாதம் ஒன்று. அடுத்தது இரண்டு. ஜமாதுல் அவ்வல் மூன்று. ஜமாதுல் ஆகிர் நான்கு. அதற்கு மேல் ரஜபில் பத்து நாள்.

அவள் விரல் ஆகஸ்ட் மாதத் தாளில் போய் நின்றது. ஒருமுறைக்கு மூன்று முறை எண்ணினாள். மேகம் மறைத்துப் பிறை ஒரு நாள் தள்ளிப் போனாலும் சரியாக வரும்படி, கூட ஒரு நாள் சேர்த்தும் எண்ணினாள்.

எண்ணி முடித்ததும் அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. போக முடியாது என்று இருந்தவரை, அவள் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. இப்போது கதவு திறந்திருந்தது.

*

நான்கு முப்பத்தைந்து. ஹாலில் ஹஸ்னைன் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"நம்பர் கொடு ஆதிஃப். பேசி முடிச்சிடுறேன்."

"நோ."

"கொடுன்னு சொல்றேன்ல."

"தம்பி" என்றாள் சாலிஹா. கதவை ஒட்டி வந்து நின்றிருந்தாள். "என் இத்தா ஆகஸ்ட் பத்துன்னு எப்படி எண்ணினீங்க?"

"எப்படின்னா? மார்ச் முப்பத்தொண்ணு. நாலு மாசம், ஜூலை முப்பத்தொண்ணு. கூட பத்து நாள். அவுட்லுக்ல ரிமைண்டரே போட்டு வெச்சிருக்கேன், மச்சி. முடியற அன்னைக்கு ஆசிபாவைக் கூட்டிட்டு வரணும்னு."

"நம்ம ஊர்ல இத்தாவ இங்கிலீஷ் மாசத்துல யாரு எண்ணுவா?"

ஹஸ்னைன் போனைக் கீழே இறக்கினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி மாமி, உங்க உம்மா, இத்தா இருந்தாங்களே, நீங்க ஊர்லதானே ஒரு மாசம் இருந்தீங்க? மாமி எதைப் பார்த்து எண்ணுனாங்க?"

ஹஸ்னைன் மெதுவாக உட்கார்ந்தார். "பிறை" என்றார். "மொட்டை மாடிக்குப் போய்ப் பிறை தெரியுதான்னு என்னத்தான் பார்த்துட்டு வரச் சொல்லுவாங்க."

"பிறை மாசம் முப்பதுக்கு மேல ஓடாது தம்பி. சிலது இருபத்தொம்பதுலயே முடிஞ்சிடும். நாலு மாசத்துல எத்தனை நாள் குறையும்னு பாருங்க. ரஜப் பிறை பத்தோட எனக்கு முடியுது. எப்படி இழுத்தாலும் ஆகஸ்ட் அஞ்சு, சனிக்கிழமை மஃரிப். ஞாயித்துக்கிழமை காலைல ஃப்ளைட்."

ஆதிஃப் வாயைத் திறந்தபடி கதவைப் பார்த்தான். ஹஸ்னைன் விரல்விட்டு எண்ணினார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, ரபீவுல் ஆகிர் என்று முணுமுணுத்தபடி.

"கணக்கு சரிதான்" என்றார் கடைசியில். "ஆனா மச்சி, இத்தா முடிஞ்ச மறுநாளே மலை பார்க்கப் பொண்டாட்டி கிளம்பிட்டான்னு ஊர் பேசும். காக்கா பேருதான் கெடும்." அண்ணனை அவர் காக்கா என்றுதான் சொல்வார்.

"ஊர் பேசுறதை நான் ஊர்லயே போய்க் கேட்டுக்கிறேன். இனிமே பூரா அங்கதானே இருக்கப் போறேன்."

"மலை ரோடு. யாரு ஓட்டுவா?"

"ஏழு வருஷமா டர்ன்பைக்ல லாரிக்கு நடுவுல ஓட்டுறேன். மலைல லாரி கம்மி." அவள் கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மலை பார்க்க ஆசை இல்லை தம்பி. சத்தியமா இல்லை. புள்ளைங்களுக்கு அவங்க வாப்பா கடைசியாச் சொன்ன சொல்லு இது ஒண்ணுதான். இதையும் நானே இல்லைன்னு சொல்லணுமா? மத்ததெல்லாம்தான் இல்லைன்னு சொல்லியாச்சே. பள்ளிக்கூடம் இல்லை, வீடு இல்லை, சிநேகிதங்க இல்லை."

மணி நான்கு நாற்பத்தெட்டு.

"ஆதிஃப், நம்பரைப் போடு" என்று கதவிடுக்கு வழியாகக் கடிதத்தை நீட்டினாள்.

*

ஸ்பீக்கரில் மணி ஆறு தடவை அடித்தது. பிறகு ஒரு வயதான அம்மாளின் குரல் எடுத்தது. பின்னால் நாய் குரைத்தது.

ஆதிஃப் விடுதிக் கடிதத்தைப் பார்த்துப் பதிவு எண்ணைச் சொன்னான். முகம்மது குடும்பம், ஆகஸ்ட் ஆறு, உறுதி செய்யக் கூப்பிடுகிறோம் என்றான்.

யார் பேசுவது என்று அந்த அம்மாள் கேட்டாள். பதிவு செய்தவர் பேசினால்தான் உறுதி செய்வேன். மகன், மைத்துனன் என்று யாராரோ கூப்பிட்டுப் போன வருடம் பெரிய குழப்பமாகிவிட்டது. காத்திருக்கிறவர்கள் காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். மிஸ்டர் முகம்மது பக்கத்தில் இருக்கிறாரா?

ஆதிஃப் கதவைப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் சாலிஹா அசையவில்லை. நடந்ததைச் சொல்லிவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். மவுத்தாகிவிட்டார் என்கிற சொல்லை ஸ்பீக்கரில், முன்பின் தெரியாத ஒருத்தியிடம், மகன் சொல்லிக் கேட்க அவளால் முடியவில்லை. ஒரு மூச்சு தாமதித்தாள்.

அந்த மூச்சுக்குள் அவன் முந்திக்கொண்டான்.

"யெஸ். திஸ் இஸ் நெய்னா முகம்மது."

சாலிஹாவுக்கு நெய்னாவே பேசுவது போல் கேட்டது. அதே குரல். நெய்னாவுக்கும் முகம்மதுவுக்கும் நடுவில் அதே சின்ன நிறுத்தம். ஹாலில் ஃபைஹா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹஸ்னைன் பாதி எழுந்து அப்படியே நின்றார்.

"ஓ, மிஸ்டர் முகம்மது!" அந்த அம்மாளின் குரல் இளகிவிட்டது. ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன் என்றாள். பிறகு சிரித்தாள். "பூட்ஸ் பழகிடுச்சா?"

மார்ச் முப்பது மாலை மாடியில் கேட்ட சிரிப்பு யாரோடு சிரித்தது என்று சாலிஹாவுக்கு அப்போது தெரிந்தது.

"நாட் யெட்" என்றான் ஆதிஃப். குரல் உடைந்தது. இருமுவது போல் மறைத்தான்.

நல்லது, இன்னும் நாள் இருக்கிறது என்றாள் அவள். காகிதம் புரளும் சத்தம். ஆக, அன்று போனில் நீங்கள் சேர்த்தபடி இரண்டு கேபின்கள், பக்கத்துப் பக்கத்தில். மொத்தம் ஆறு பேர். சரிதானே?

ஆதிஃப் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தான். அதில் ஒரு கேபின்தான் இருந்தது. நான்கு பேர்தான் இருந்தார்கள்.

"சிக்ஸ்?"

அந்த இன்னும் இரண்டு பேர் வர ஒத்துக்கொண்டார்களா? என்று அவள் கேட்டாள். அவர்களிடம் கேட்கவே பயமாயிருக்கிறது, முதலில் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டால் தைரியம் வரும் என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறேன்.

ஆதிஃப் நிமிர்ந்தான். அவன் பார்வை சாச்சாவின் முகத்தில் போய் நின்றது. ஹஸ்னைன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த போனின் வெளிச்சம் தானாக அணைந்தது.

"மிஸ்டர் முகம்மது? ஆறு பேர் என்றே வைத்துக்கொள்ளட்டுமா?"

சுவர்க்கடிகாரம் நான்கு ஐம்பத்தேழு காட்டியது.

"கீப் இட்" என்றான் ஆதிஃப். "சிக்ஸ்."

*

வெகுநேரம் கழித்து ஹஸ்னைன் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பைப் போடக் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அவர் கை பூட்ஸின் முடிச்சைத் தொட்டது. அவிழ்க்கவில்லை.

"மச்சி."

"சொல்லுங்க தம்பி."

"அந்த ரெண்டு பேரு யாருன்னு காக்கா உங்ககிட்ட சொன்னாங்களா?"

நீங்களும் ஆசிபாவும்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு வருடப் பாரம் அந்த மனிதர் தோளிலிருந்து இறங்கிவிடும். அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் வீட்டில் இன்றைக்கு ஒரு பொய் சொல்லியாயிற்று. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி இன்னொன்றும் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"என்கிட்ட சொல்லல, தம்பி."

அவர் தலையாட்டினார். கதவைத் திறந்துகொண்டு டிரைவ்வேயில் இறங்கினார். ஜன்னல் பக்கம் போகாமலே, அவர் போனில் யாரையோ கூப்பிடுவதும் மறுபடி மறுபடி அழைத்துப் பார்ப்பதும் சாலிஹாவுக்குக் கேட்டது. யாரை என்று தெரியவில்லை. எடுத்தார்களா என்றும் தெரியவில்லை.

ஆதிஃப் அறை வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"உம்மா, நான் பொய் சொல்லிட்டேன்."

"ஆமா."

"அங்க போய் இறங்கும்போது வாப்பா எங்கேன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க" என்றாள் சாலிஹா. "அதை நான் சொல்றேன். உன் வேலை இல்லை அது. போய் முகத்தைக் கழுவு, அஸருக்கு நேரமாச்சு."

அவன் வைத்துவிட்டுப் போன கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். போனில் பேசிக்கொண்டே அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். ஆகஸ்ட் ஆறு. கேபின் இரண்டு. பெயர், நெய்னா முகம்மது.

அவளும் எண்ணிப் பார்த்தாள். அவள், ஆதிஃப், ஃபைஹா. அந்த இருவர் யாராக இருந்தாலும், வந்தாலும், ஐந்துதான். அதை மொன்டானாவில் இருக்கும் அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை.

பதிவில் ஆறு பேர் என்றே இருந்தது.